வீட்டுக்கு /64ஆ, /56ஆ, /48ஆ? சேலம் ஃபைபர் நிறுவனங்களுக்கான ஐபிவி6 கணக்கு

சேலத்தில் ஃபைபர் இணைப்பு தரும் சிறு நிறுவனத்துக்கும், 128 பிட் நீளமுள்ள புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6-இல் ஒரு /32 கிடைத்துவிடும். சாய்கோட்டுக்குப் பின்வரும் எண், முகவரியின் தொடக்கத்தில் எத்தனை பிட் மாறாமல் நிற்கும் என்பதைச் சொல்கிறது; எண் சிறிதானால் முகவரித் துண்டு பெரிது. வாடிக்கையாளருக்குப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் கை இறுகுகிறது. பழைய முறையான ஐபிவி4-இல் முகவரிகள் தீர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் இயல்பு. இணைய முகவரிகளை ஒதுக்கும் ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்நிக் 2011 ஏப்ரலிலேயே ஐபிவி4-இன் கடைசி /8 துண்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சிக்கனம் இங்கே தொல்லையைத்தான் தரும்.

ஏற்காட்டில் அறை வாடகைக்கு விடும் ஒரு வீட்டுக்கு வீட்டார் வைஃபை, விருந்தினர் வைஃபை, கேமரா என மூன்று நெட்வொர்க் வேண்டும். /64 என்பது ஒரே நெட்வொர்க். ரவுட்டர் அதை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டால் மற்ற இரண்டும் ஐபிவி4-இலேயே நிற்கும். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் விருந்தினரின் போன் கேமராவை எட்டிவிடும். /64-ஐயே /80 ஆக உடைக்கலாமே என்றால் அதுவும் நடக்காது. கருவிகள் தாமே முகவரி அமைத்துக்கொள்ளும் ஸ்லாக் முறைக்கு முழு /64 வேண்டும். ஆண்ட்ராய்டு போன், சர்வர் முகவரி வழங்கும் முறையான டிஹெச்சிபிவி6-இலிருந்து தனி முகவரி வாங்கிக்கொள்ளாது. வீட்டு இணைப்புக்கு /64 மட்டும் தருவது தவறு என்றே சொல்வோம்.

/56 கொடுத்தால் 256 நெட்வொர்க். முக்காற்புள்ளியால் (:) பிரிக்கப்படும் முகவரியின் நான்காவது கட்டத்தில் கடைசி இரண்டு இலக்கங்கள் வாடிக்கையாளர் கையில் இருக்கும்: 00 வீட்டார், 01 விருந்தினர், 02 கேமரா. /57, /58 என்று நடுவில் வெட்டாதீர்கள். முகவரி எழுதப்படும் ஒரு பதினாறும (0–9, a–f) இலக்கம் 4 பிட். எல்லை அதன் நடுவே விழுந்தால் ரிவர்ஸ் டிஎன்எஸ் (முகவரியிலிருந்து பெயரைக் கண்டறியும் முறை) பிரிப்பது சிக்கலாகும், பழுது பார்ப்பவர் கண்ணுக்கும் பிடிபடாது.

/48 என்றால் 65,536 நெட்வொர்க். உலகம் தாங்குமா? தாங்கும். மொத்த ஐபிவி6 முகவரிகளில் இன்று பயன்பாட்டுக்குத் திறந்திருக்கும் எட்டில் ஒரு பங்கிலேயே சுமார் 35 லட்சம் கோடி /48 உண்டு. 800 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 4,000-க்கு மேல். உங்கள் /32 நிறையும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஏப்நிக் விதியில் பயன்பாட்டை /56 அலகில் கணக்கிடுகிறார்கள். 61,83,533 அலகு, அதாவது சுமார் 37 சதவீதம், கொடுத்து முடிந்தால் கூடுதல் கேட்கலாம்.

தட்டுப்பாடு வருவது வேறு இடத்தில். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, ஏற்காடு என ஐந்து மையங்களுக்கு ஆளுக்கொரு /40 ஒதுக்குகிறீர்கள் என்று வையுங்கள். வீட்டுக்கு /56 என்றால் ஒரு மையம் 65,536 இணைப்பு தாங்கும். வீட்டுக்கு /48 என்றால் 256-இலேயே முடிந்துவிடும். இரண்டே தெருவில் தீர்ந்துபோகும். பிறகு அந்த மையத்துக்கு இரண்டாவது, மூன்றாவது துண்டு சேர்க்க வேண்டும், எந்தத் துண்டு எந்த வழி என்று சொல்லும் ரவுட்டிங் அட்டவணை சிதறும். /36 ஆக ஒதுக்கினாலும் மையத்துக்கு 4,096 இணைப்புதான். ஒரு /32-இல் அப்படி 16 துண்டுதான் கிடைக்கும்.

அதனால் வீடுகளுக்கு /56. பல கட்டிடங்கள் கொண்ட கல்லூரி, மருத்துவமனை, நெசவு ஆலை போன்றவற்றுக்கு /48. இரண்டையும் ஒரே துண்டில் கலக்காமல் ஒவ்வொரு மையத்திலும் தனித்தனி /40 வையுங்கள். ஒரு /32-இல் மொத்தம் 256 /40 இருக்கிறது, பத்து எடுத்தாலும் ஒன்றும் குறையாது.

எந்த அளவு கொடுத்தாலும் அதை மாற்றாதீர்கள். மழைநாளில் மின்சாரம் போய் ரவுட்டர் மீண்டும் எழும்போது புதிய பிரிஃபிக்ஸ் (முகவரியின் முன்பகுதி) வந்தால், போனும் டிவியும் பழைய முகவரியை விடாது. பல ரவுட்டர்களின் இயல்பு அமைப்பில் அது 7 நாள் வரை முன்னுரிமையோடு நிற்கும். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், புகார் உங்களுக்கு வரும். வாடிக்கையாளர் இணைப்பைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரில் ஒவ்வொரு வாடிக்கையாளர் ஐடிக்கும் ஒரு நிலையான /56-ஐ எழுதிவிட்டால் இந்தப் புகார் எழாது.