ஏற்காட்டு மலைப் பிள்ளையை எங்கே சேர்ப்பது?

மே மாதம் பிறந்தால் சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள என் கடைக்கு மலை ஆட்கள் வரத் தொடங்குவார்கள். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். பதினாலு வருடமாகச் செய்கிறேன். ஏற்காடு பஸ் இந்த வழியாகத்தான் ஏறி இறங்கும். எல்லார் கையிலும் ஒரு ஜவுளிக்கடைப் பை இருக்கும். உள்ளே ரேஷன் கார்டு, ஆதார், அப்பாவின் சாதிச் சான்றிதழ் நகல், மடிப்பில் கிழியப் போகிற மதிப்பெண் பட்டியல்.

போன வருடம் நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மகள் ஐந்தாவது முடித்திருந்தாள். "எங்க சேத்தா இவ கடைசி வரைக்கும் படிப்பாண்ணா?" என்று கேட்டார். எது நல்ல பள்ளி என்று கேட்பவர்கள் நிறைய. கடைசி வரைக்கும் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அன்றைக்குக் கூட்டத்தில் அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அதை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

நான் பார்த்தவரை மலைப் பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோவது மாறுகிற இடங்களில்தான். ஐந்தாவது முடித்து ஆறாவதுக்குப் போகும்போது, பத்து முடித்துப் பதினொன்றுக்குப் போகும்போது, அப்புறம் கல்லூரியின் முதல் வருடம். இந்த மூன்று இடங்களையும் எந்த வழி தாண்ட வைக்கிறது என்று பார்த்தால் போதும். விளம்பரப் பலகையில் போடும் தேர்ச்சி விகிதத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே பழங்குடியினர் அதிகமுள்ள மாவட்டம் சேலம், சுமார் 1.19 லட்சம் பேர். அதே கணக்கில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.1 சதவீதம், பழங்குடியினருக்கு 54.3. நடுவில் உள்ள அந்த 26 புள்ளியில்தான் என் கடைக்கு வராமலே போன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதல் வழி, வீட்டிலிருந்தே போய் வருகிற ஊர்ப் பள்ளி. ஐந்தாவது வரை இதற்கு மேல் ஒன்றும் கிடையாது. சாப்பாடு, பேச்சு, பாட்டி, ஆடு எல்லாம் கூடவே இருக்கும். பிள்ளை பயமில்லாமல் எழுத்துக் கற்றுக்கொள்ளும். சிக்கல் மேல் வகுப்பில் வருகிறது. நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிக்கும் பருவம். அரையாண்டுத் தேர்வும் அதே சமயம்தான். அம்மாவும் அப்பாவும் எஸ்டேட்டுக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நிற்பாள். இரண்டு வாரம் நின்றவளுக்கு மூன்றாவது வாரம் வகுப்பில் போய் உட்காரவே கூச்சமாக இருக்கும். மழை இன்னொரு பக்கம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பஸ்ஸை நம்பிப் படிக்கும் பிள்ளைக்கு அந்த நாளெல்லாம் விடுமுறைதான்.

இரண்டாவது, அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. பழங்குடியினர் நலத்துறை நடத்துவது. மாநிலத்தில் 300-க்கு மேல் இருக்கின்றன, நம் மலையிலும் உண்டு. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் செலவில்லை. மூன்றாவது, ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி. இது 1997-98-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம்; சேலம் மாவட்டத்தில் பெத்தநாயக்கன்பாளையம் தாலுகா அபிநவத்தில் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை 480 பிள்ளைகள், பாதி இடம் பெண்களுக்கு என்பது திட்டத்தின் கணக்கு.

இந்த இரண்டில் எது என்றுதான் மலையில் பெரிய பேச்சு. பணத்தைப் பார்த்தால் ஏகலைவா பக்கமே தராசு சாயும். ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மத்திய அரசு ஒதுக்குகிறது. மாநில அரசு விடுதிகளில் பள்ளி மாணவருக்கான உணவுப் படியை 2023-ல்தான் மாதம் 1,400 ஆக உயர்த்தினார்கள். ஒரு நாளைக்கு 50 ரூபாய்க்கும் குறைவு. ஒன்று மொத்தச் செலவு, இன்னொன்று சாப்பாட்டுக்கு மட்டும் என்பதால் நேருக்கு நேர் வைக்க முடியாது. இருந்தாலும் வளரும் பிள்ளைக்கு மூன்று வேளைக்கும் 50 ரூபாய் என்பதை எழுதும்போதே மனசு வலிக்கிறது.

ஆனால் ஏகலைவாவுக்குத் தேர்வு எழுதித்தான் நுழைய வேண்டும். ஐந்தாவது படிக்கும் பிள்ளைக்கு அந்த விண்ணப்பம் எப்போது வரும் என்று சொல்ல ஊரில் ஒருவர் வேண்டும். தூரமும் அதிகம்: ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கி, ஆத்தூர் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு வண்டி. காய்ச்சல் என்று போன் வந்தால் அம்மாவுக்கு ஒரு நாள் கூலியும் போகும், பஸ் காசும் போகும். நம் மலையிலேயே உள்ள அரசு உண்டு உறைவிடப் பள்ளிக்கு மாதம் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். பதினோரு வயதுப் பிள்ளை அங்கேயே நிலைத்து நிற்பதற்கு அதுவே பாதிக் காரணம்.

உண்டு உறைவிடப் பள்ளியின் பலவீனம் மேல் வகுப்பில். கணக்குக்கும் இயற்பியலுக்கும் ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடும் பள்ளிகள் உண்டு. டாக்டராக வேண்டும் என்று சொன்ன ஒரு பையனுக்குப் பதினொன்றாவது விண்ணப்பம் போடும்போதுதான் அவன் பள்ளியில் அறிவியல் குரூப்பே இல்லை என்று தெரிந்தது. கிடைத்த குரூப்பில் சேர்ந்தான். அவனை ஒன்பதாவதிலேயே வேறு பள்ளிக்கு மாற்றியிருக்க வேண்டும், சொல்ல ஆளில்லை.

அதற்காக இந்தப் பள்ளிகளை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். பச்சைமலையில் சின்ன இலுப்பூர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி 2024-ல் திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தார். நம் மாவட்டத்திலேயே, கல்வராயன் மலையில் கருமந்துறை உண்டு உறைவிடப் பள்ளி மாணவி 2025-ல் ஜே.இ.இ. எழுதிச் சென்னை ஐ.ஐ.டி.க்குத் தேர்வானார். கருமந்துறையில் முடிந்தது ஏற்காட்டில் முடியாதா?

நான்காவது வழி, கடன் வாங்கியாவது டவுனில் தனியார் ஆங்கிலப் பள்ளி. இதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். காப்பித் தோட்டத்துக் கூலியில் சீட்டுக் கட்டி, அந்தச் சீட்டை எடுத்துப் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். மலை உச்சியில் 1917-லிருந்து மான்ட்ஃபோர்ட் பள்ளி நடக்கிறது. ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை வருவதில் தப்பில்லை. ஆனால் அந்த முடிவில் கைவிட்டுப் போவது என்னென்ன என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பழங்குடியினர் நலப் பள்ளிகளும் இதில் சேரும். அதே மாதிரி அரசுப் பள்ளிப் பெண்கள் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. தனியார் ஆங்கிலப் பள்ளியில் கட்டணம் கட்டிச் சேர்த்தால் இவ்வளவும் போகும். ஆங்கிலத்தைக் கல்லூரியில் ஒரு வருடம் முட்டி மோதிப் பிடித்துவிடலாம். போன தகுதியைத் திரும்ப வாங்க முடியாது.

ஆக, என்னைக் கேட்டால், ஐந்தாவது வரை ஊர்ப் பள்ளி. ஆறாவதுக்கு ஏகலைவா தேர்வை எழுதட்டும். இடம் கிடைத்து, பிள்ளையும் விருப்பமாக இருந்தால் அனுப்பலாம். இல்லையென்றால் கிட்டத்தில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளி. ஒன்பதாவதில் ஒரு முறை உட்கார்ந்து, என்ன குரூப், எந்தப் பள்ளி என்று பேசிவிட வேண்டும்.

அப்புறம் கல்லூரி முதல் வருடம். இங்கேதான் மனம் உடைந்து திரும்புகிறார்கள். நம் மலைப் பழங்குடி இனத்தின் பெயரே மலையாளி. "மலையாளியா? கேரளாவா? மலையாளம் பேசு பார்க்கலாம்" என்று விடுதியில் கேட்பார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும், தமிழே பேசும் மலைக்காரப் பிள்ளை எத்தனை பேருக்கு விளக்கம் சொல்லும்? போதாததற்குக் கட்டணம். ஒரு தனியார் கல்லூரியில் உதவித்தொகை வரவில்லை என்று ஒரு பையனுக்கு ஹால் டிக்கெட் தர மறுத்தார்கள். பழங்குடி மாணவரின் கட்டணத்தை அரசே ஏற்பது பற்றிய 2012-ஆம் வருட அரசாணை 92-ஐப் பிரிண்ட் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "இதை ஆபீஸ் மேசை மேல வை. கத்தாதே, படிச்சுப் பாருங்கன்னு மட்டும் சொல்லு" என்றேன். மறுநாள் ஹால் டிக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினான். எட்டு ரூபாய்ப் பிரிண்ட். அது இல்லாவிட்டால் அந்த வாரமே மலையேறியிருப்பான்.

வேலையிலும் இரண்டு பாதை இருக்கிறது. தேர்தல் பாதை ஒன்று: ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதி, மாநிலத்தில் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டும்தான் அப்படி. ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. ஆனால் பழங்குடியினர் பகுதி என்று அரசியல் சட்டப்படி தனியாக அறிவிக்கும் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் கிடையாது. அதனால் 1996-ஆம் வருட பெசா சட்டம் கிராம சபைக்குக் கொடுக்கும் அதிகாரம் நம் ஊருக்கு வராது. பட்டாவும் சான்றிதழும் வழக்கும் அதிகாரிகளின் மேசைக்குத்தான் போகின்றன. எனவே அந்த மேசைக்குப் பின்னால் மலைப் பிள்ளை உட்கார வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

அதற்கான பரீட்சைப் பாதையில் ஒரு கணக்கு. மாநில அரசு வேலையில் பழங்குடியினருக்கு 1 சதவீதம். நூறு இடம் அறிவித்தால் ஒன்று, அதற்கு எல்லா மலைகளிலிருந்தும் போட்டி. மத்திய அரசு, வங்கி, ரயில்வே வேலைகளில் 7.5 சதவீதம். நாடு முழுக்கப் போட்டிதான், இருந்தாலும் கதவு அகலம். சேலத்திலேயே ரயில்வே கோட்டத் தலைமையகம் இருக்க, என்னிடம் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் குரூப் 4-ஐயும் போலீஸையும் மட்டும் கேட்கிறார்கள்.

சட்டப் படிப்பையும் யாரும் கேட்பதில்லை. சேலத்தில் 2019-ல் அரசு சட்டக் கல்லூரியே வந்துவிட்டது. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, நம் மலையாளி இனத்துப் பெண், ஏலகிரியில் பள்ளி படித்து, சட்டம் படித்து, 2024-ல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். குழந்தை பிறந்த சில நாளில் காரில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதியவர். வண்டியில் கூட்டிப்போக வீட்டில் ஆள் இருந்தது.

எந்த வழிக்கும் முதல் தேவை இனச் சான்றிதழ். பழங்குடியினருக்கு அதைத் தருவது கோட்டாட்சியர். விசாரணை நடக்கும், நாளாகும். மலையாளி இனம் பட்டியலில் இருப்பதும் சேலம் உள்ளிட்ட சில மாவட்டங்களுக்கு மட்டும். பத்தாவது வரை தள்ளிப்போடாதீர்கள்.

நாகலூர் அம்மா மகளை உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்தார். இந்த மே மாதம் சான்றிதழுக்காக இரண்டு பேரும் வந்தார்கள். ஆதாரில் இருந்த நம்பர் தொலைந்துபோன சிம்முடையது, ஓ.டி.பி. வரவில்லை. தபால் நிலையத்தில் மாற்றச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் திரும்பி வந்தார்கள். பையைப் பிள்ளையே பிரித்து, ஒவ்வொரு காகிதமாக எடுத்து நம்பரை வாசித்தாள். நான் டைப் அடித்தேன்.