கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ்: வருடக்கணக்கில் வைத்து வேலை பார்த்தால் தெரிபவை

பிரவுசரிலேயே பலர் சேர்ந்து ஆவணம் எழுதும் கூகுள் டாக்ஸ், கணக்குப் பட்டியல் போடும் ஷீட்ஸ் பற்றி இணையத்தில் கிடைக்கும் விமர்சனங்கள் பெரும்பாலும் முதல் மாத அனுபவத்தோடு நின்றுவிடுகின்றன. முதல் மாதத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஒரே பட்ஜெட்டை ஐந்து பேர் மெயிலில் சுற்றவிட்டு, எது கடைசிப் பிரதி என்று தெரியாமல் முழிக்கும் தொல்லை அன்றைக்கே ஒழிந்துவிடும். சிக்கல் தலைகாட்டுவது இரண்டாம், மூன்றாம் ஆண்டில். அப்போது கேள்வியே வேறு: இந்த ஃபைல் யார் கணக்கில் இருக்கிறது, இதைத் திறக்கவும் திருத்தவும் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது? சிறு அலுவலகம், பள்ளி, சங்கம், குடியிருப்போர் நலச்சங்கம் என்று இலவசக் கணக்கை நம்பி ஓடும் எல்லா இடத்திலும் கடைசியில் வந்து முட்டுவது இங்கேதான்.

பிரவுசரிலேயே ஆவணம் தயாரிக்கும் வழக்கம் 2005 வாக்கில் வேர்பிடித்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் ரைட்லி என்ற பிரவுசர் எழுதுகருவி வந்தது. பின்னாளில் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட அட்வென்ட்நெட், ஸோஹோ ரைட்டரைக் கொண்டுவந்ததும் அதே ஆண்டுதான். கூகுள் 2006 மார்ச்சில் ரைட்லியை வாங்கியது. ஜூனில் ஸ்ப்ரெட்ஷீட்டை வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் வெப் ஆப்ஸ் 2010இல், ஆபிஸ் 365 2011 ஜூனில். ஆனால், ஒருவர் தட்டத் தட்ட இன்னொருவர் திரையில் எழுத்து எழுத்தாக விழுகிற டாக்ஸ், கூகுள் 2010 ஏப்ரலில் எடிட்டரையே புதிதாக எழுதிய பிறகு வந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் விளங்கும். டாக்ஸ் முழு ஆவணத்தையும் திரும்பத் திரும்பச் சேமிப்பதில்லை. "12ஆம் இடத்தில் ஒரு எழுத்தைச் சேர்" என்பது போன்ற சின்னச் சின்ன மாற்றங்களாக சர்வருக்கு அனுப்புகிறது. அதே நேரத்தில் வேறொருவர் தொடக்கத்திலிருந்த மூன்று எழுத்துகளை நீக்கியிருந்தால், சர்வர் உங்கள் 12ஐ 9 ஆக்கிப் பொருத்திவிடும். எதுவும் தொலையாது, ஆனால் பொருள் பார்த்துச் சேர்ப்பதும் இல்லை. இணையம் இல்லாதபோது இருவர் ஒரே வாக்கியத்தைத் தனித்தனியாகத் திருத்தினால், இணைப்பு வந்ததும் இரண்டு திருத்தமும் அருகருகே உட்கார்ந்துகொள்ளும். ரயிலில் ஆஃப்லைனில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், இணைப்பு கிடைத்ததும் தான் தொட்ட பத்திகளை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

ஆஃப்லைன் வசதிக்கு குரோம் அல்லது எட்ஜ் வேண்டும். கூகுளின் ஃபைல் சேமிப்பிடமான டிரைவின் அமைப்புகளில், இணையம் இருக்கும்போதே அதை இயக்கிவைக்க வேண்டும். இன்காக்னிட்டோவில் ஓடாது. அண்மையில் திறந்த ஃபைல்கள்தான் தானாகக் கிடைக்கும். அவசியமானதை ரைட் கிளிக் செய்து, ஆஃப்லைனில் கிடைக்கும்படி தனியாகக் குறித்துவிடுங்கள்.

இனி உரிமை. இலவசக் கணக்கில் ஒரு ஃபைலை யார் உருவாக்கினாரோ, யார் ஏற்றினாரோ, அவர்தான் அதன் உரிமையாளர். பொதுவான ஃபோல்டரில் போட்டாலும் இதில் மாற்றமில்லை. இடமும் ஏற்றியவர் கணக்கில்தான் கழியும். வேலையை விட்டுப் போகிறவர் தன் கணக்கை அழித்தால், அவர் உருவாக்கிய வருகைப் பதிவேடும் கணக்குப் புத்தகமும் எல்லோருக்குமே காணாமல் போகும். இரண்டு ஆண்டு திறக்கப்படாத தனிநபர் கணக்கையும் கூகுள் அழித்துவிடலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை. எனவே ஒருவர் கிளம்பும் முன் ஷேர் பெட்டியைத் திறந்து, பொறுப்பேற்பவருக்கு முதலில் எடிட்டர் அனுமதி கொடுக்க வேண்டும். பிறகு அவர் பெயருக்கு எதிரே உள்ள பட்டியலில் உரிமை மாற்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது பாதி வேலைதான். பெறுபவர் தனக்கு வரும் அழைப்பை ஏற்றால்தான் மாற்றம் நிறைவேறும். ஏற்காமல் மெயிலில் கிடந்தால் பழைய உரிமையாளரே உரிமையாளர். நிறுவனங்களுக்கான கூகுள் சேவையான வொர்க்ஸ்பேஸ் கணக்கிலிருந்து தனிப்பட்ட ஜிமெயிலுக்கு இப்படி உரிமை மாற்ற முடியாது. பிரதி எடுத்துக்கொள்ளத்தான் முடியும், அந்தப் பிரதியில் பழைய திருத்த வரலாறு இருக்காது.

இடம் நிரம்புவது இன்னொரு கண்ணி. 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1க்குப் பிறகு உருவாக்கிய அல்லது திருத்திய டாக்ஸ், ஷீட்ஸும் அதில் கணக்கு. 2024 முதல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் சேர்ந்துகொண்டது. அலுவலகத்தின் முக்கியப் பதிவேடு ஒருவருடைய சொந்தக் கணக்கில் இருக்கிறது என்று வையுங்கள். அவர் போனில் வந்து குவியும் காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் பேக்கப் ஆகி 15 ஜிபியைத் தாண்டினால், அவரால் புதிய ஃபைல் உருவாக்க முடியாது. அந்தக் கணக்கின் ஃபைல்களை மற்றவர்களாலும் திருத்த முடியாத நிலை வரும். ஜிமெயிலுக்கு மெயில் வருவதும் நின்றுபோகும். ஷீட்டில் என்ன கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பார்கள். கோளாறு வாட்ஸ்அப்பில் இருக்கும். பதிவேடுகளுக்கென்றே, யாருடைய போனிலும் பேக்கப்புக்குப் பயன்படாத ஒரு தனிக் கணக்கு வைப்பது இலவசமாகச் செய்யக்கூடிய நல்ல ஏற்பாடு. கட்டணத் திட்டங்களில் உள்ள ஷேர்டு டிரைவில் ஃபைல்கள் தனிமனிதருக்குச் சொந்தமாகாமல் நிறுவனத்துக்கே சொந்தமாகும். காசு கொடுத்து வாங்குவதானால் இந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம்; வாங்கும் முன் உங்கள் திட்டத்தில் அது உண்டா என்று பாருங்கள்.

அனுமதியில் அதிகம் சறுக்குவது "லிங்க் வைத்திருக்கும் எவரும் திருத்தலாம்" என்கிற அமைப்பு. வாட்ஸ்அப் குழுவில் போட வசதியாக இருக்கும் என்று வைத்துவிடுகிறார்கள். கணக்கில் நுழையாமல் வருபவர் பெயரில்லாத ஏதோ ஒரு விலங்காகத்தான் தெரிவார்; அவர் அழித்ததை வரலாற்றில் பார்த்தாலும் ஆள் யார் என்று தெரியாது. குழுவிலிருந்து நீக்கப்பட்டவரிடமும் லிங்க் இருக்கும், அது வேலை செய்யும். தவிர, எடிட்டராக இருக்கும் எவரும் இன்னொருவரைச் சேர்க்கலாம் என்பதுதான் இயல்பான நிலை. ஷேர் பெட்டியின் பற்சக்கரக் குறியை அழுத்தி அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும்.

மறைத்த ஷீட், பூட்டிய ரேஞ்ச் (குறிப்பிட்ட கட்டங்களின் தொகுதி) இரண்டையும் பாதுகாப்பு என்று எண்ணக் கூடாது. பூட்டு, தவறுதலாகக் கை படாமல் இருக்கத்தான். பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்கூட ஒரு பிரதி எடுத்து, அதில் மறைத்ததைத் திறந்து பார்க்கலாம். சம்பளப் பட்டியல் போன்றவை தனி ஃபைலாக இருக்கட்டும். வேறொரு ஃபைலிலிருந்து தகவலை இழுத்துவரும் இம்போர்ட்ரேஞ்ச் சூத்திரத்தை வைத்து அங்கிருந்து மொத்தத் தொகையை மட்டும் இழுக்கலாமே என்று தோன்றும். ஒருமுறை இணைப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டால், இழுக்கும் ஷீட்டின் எடிட்டர்கள் சூத்திரத்தில் ரேஞ்சை மாற்றி மூல ஃபைலின் எந்தப் பகுதியையும் வரவழைத்துக்கொள்வார்கள். மொத்தத்தைக் கையால் தட்டுவதே மேல்.

பழைய நிலைகளையெல்லாம் காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரி இந்தக் கருவிகளின் உண்மையான பலம். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஹெச் நான்கையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். எடிட்டர் அனுமதி வேண்டும். பழைய நிலைக்கு ரீஸ்டோர் கொடுத்தால் முழு ஃபைலும் எல்லோருக்கும் பின்னோக்கிப் போய்விடும். நடுவில் மற்றவர் செய்த நல்ல வேலையும் கூடவே போகும். வேண்டிய நாளின் வெர்ஷனைப் பிரதி எடுத்து, காணாமல் போன பகுதியை மட்டும் அங்கிருந்து ஒட்டுவதுதான் சரி. ஷீட்ஸில் ஒரு கட்டத்தை ரைட் கிளிக் செய்து அதன் திருத்த வரலாற்றை மட்டும் பார்க்கலாம். யார் எந்தத் தொகையை என்னவாக மாற்றினார் என்று அதில் தெரியும். வரிசை சேர்த்தது, நீக்கியது அதில் வராது.

ஷீட்ஸில் பலர் சேர்ந்து வேலை செய்யும்போது முதல் சண்டை வரிசைகளை அடுக்குவதில் வரும். ஒருவர் பெயர்வாரியாக அடுக்கினால் எல்லோர் திரையிலும் அப்படியே மாறும். எதிர்முனையில் ஒருவர் ரசீது எண் வாரியாகப் பார்த்துத் தொகை போட்டுக்கொண்டிருப்பார். டேட்டா மெனுவில் ஃபில்டர் வியூ உருவாக்கிக்கொண்டால் அவரவர் அடுக்கு அவரவர் திரையோடு நிற்கும். குழுவுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு விஷயம்தான் நேரமிருக்கிறது என்றால், இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தது தேதி. ஷீட்டின் லொகேல், அதாவது எந்த நாட்டு வழக்கம் என்ற அமைப்பு, அமெரிக்காவாக இருந்தால் 05/04/2024 என்பதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/04/2024 தேதியாகவே ஆகாமல் வெறும் எழுத்தாக இடது பக்கம் ஒட்டி நிற்கும். ஒரு தேதிப் பத்தியில் (நெடுவரிசையில்) சில வலப்புறமும் சில இடப்புறமும் நின்றால் காரணம் இதுதான். ஃபைல், செட்டிங்ஸ் போய் லொகேலை இந்தியா ஆக்குங்கள், ஆனால் ஷீட்டைத் தொடங்கும் அன்றே. பிறகு மாற்றினால், ஏற்கெனவே மே 4 ஆகிவிட்டது மே 4 ஆகவே இருக்கும்.

லட்சம், கோடிக் காற்புள்ளிக்கு ஃபார்மேட், நம்பர், கஸ்டம் நம்பர் ஃபார்மேட் போய் இதை ஒட்டினால் போதும்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

12345678 என்பது 1,23,45,678 ஆகத் தெரியும். கழித்தல் தொகைகளுக்கு இது செல்லாது. இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தாமல் மூன்றாவது பகுதிக்குப் போய் ஆங்கிலேய முறையில் மில்லியனாகக் காற்புள்ளி விழும். நஷ்டக் கணக்கை இதில் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும். எண்களில் 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்: 12 இலக்க ஆதார் தப்பும், 16 இலக்க எண் கடைசி இலக்கத்தில் கெடும். வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் வரும் பூஜ்யமும் உதிர்ந்துவிடும். அந்தப் பத்தியை முதலிலேயே பிளெயின் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு எண்களைத் தட்டுங்கள்.

கூகுளின் படிவக் கருவியான ஃபார்ம்ஸின் பதில்கள் வந்து விழும் ஷீட்டில் பக்கத்துப் பத்தியில் சூத்திரம் போட்டுக் கீழே இழுத்து வைக்காதீர்கள். ஒவ்வொரு பதிலும் புது வரிசையாகச் செருகப்படும். இழுத்த சூத்திரம் அதில் இருக்காது. வேறொரு ஷீட்டில், முழுப் பத்திக்கும் ஒரே சூத்திரமாக ஓடும் அர்ரேஃபார்முலா மூலம் கணக்கிடுவதுதான் நிற்கும். பெரிய ஃபைல்களுக்கு உச்சவரம்பு ஒரு கோடிக் கட்டங்கள். காலிக் கட்டமும் அதில் சேரும். ஆனால் அதைத் தொடும் முன்பே, பட்டியலில் தேடி எடுத்துத் தரும் விலுக்கப் சூத்திரங்கள் ஆயிரக்கணக்கிலும் சங்கிலியாகக் கோத்த இம்போர்ட்ரேஞ்சும் சேர்ந்து ஷீட்டைத் தள்ளாட வைத்துவிடும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கென்று தனிச் சிக்கல்கள் சில உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய வேர்டு ஃபைலை ஏற்றினால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும். அந்த எழுத்துரு டாக்ஸில் இல்லை, அடியில் இருப்பதும் யூனிகோடு இல்லை. முதலில் எழுத்து மாற்றியில் போட்டு மாற்றிக்கொண்டு ஏற்றுங்கள். லதாவில் தட்டியது யூனிகோடு என்பதால் படிக்க முடியும், ஆனால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து பக்க எண்ணிக்கை மாறும். டாக்ஸிலேயே உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கடமரன் இவற்றில் ஒன்றை வைத்துத் தொடங்கினால் எல்லோர் கணினியிலும் ஒரே மாதிரி இருக்கும்.

இதைவிட நுட்பமான தொல்லை பெயர்ப் பட்டியல்களில் வரும். சௌந்தர்யா என்ற பெயரை ஒருவர் ஔகாரக் குறியோடு தட்டுவார்; இன்னொருவர் செ, ள என்று இரண்டாகத் தட்டுவார். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விலுக்கப் மட்டும் அப்படி ஒருவர் பட்டியலில் இல்லை என்று அடித்துச் சொல்லும். சந்தேகம் வந்தால், எத்தனை குறிகள் என்று எண்ணிச் சொல்லும் லென் சூத்திரத்தைப் போடுங்கள்: சரியாகத் தட்டியதற்கு 9, ள போட்டதற்கு 10 வரும். துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டும் பழக்கமும் இதே வேலையைச் செய்யும். பெயரை நம்பாமல் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அதை வைத்தே தேடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை டிரைவில் ஏற்றி, ரைட் கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக்கித் தருகிறதே, அது இலவசமாகக் கிடைக்கும் பெரிய உதவி. இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் நூல்களை எழுத்தாக்கவும் கூகுளின் இந்த வசதியே கைகொடுத்தது. படம் 2 எம்பிக்குள், நேராக, ஒரே பத்தியாக இருந்தால் திருத்த வேண்டியது குறைவு. இரண்டு பத்திப் பக்கம் என்றால் வெட்டி ஏற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் கலக்கும்.

மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) நிறைந்த எக்ஸெல் ஃபைல்களை வைத்து ஓடும் கணக்குப் பிரிவு இதற்கு மாற வேண்டியதில்லை; அந்த மேக்ரோக்கள் ஷீட்ஸில் ஓடாது. வேர்டு வடிவமைப்பு குலையவே கூடாத விண்ணப்பம், ஒப்பந்தம் போன்றவற்றுக்கு மைக்ரோசாஃப்டின் வெப் வேர்டு பொருத்தம். ஃபைல் அங்கே வேர்டு ஃபைலாகவே இருக்கிறது. அதன் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபிதான். ஆவணம் வெளியார் சர்வரில் இருக்கவே கூடாது என்பவர்கள், ஆள்பலம் இருந்தால், ஃபைல் சேமிப்புக்கு நெக்ஸ்ட்கிளவுடும் ஆவணத் திருத்தத்துக்குக் கொலபோராவும் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். அப்டேட்டும் பேக்கப்பும் அவர்கள் தலையில்.

2020 டிசம்பர் 14 மாலை கூகுளின் உள்நுழைவு அமைப்பே முக்கால் மணி நேரம் போல விழுந்து, ஜிமெயிலும் டாக்ஸும் ஒன்றாக நின்றன. 2017 அக்டோபர் 31 அன்று விதிமீறல் என்று தவறாகக் குறிக்கப்பட்டு பலருடைய ஆவணங்கள் பூட்டப்பட்டன. இரண்டும் சீக்கிரம் சரியாயின. ஆனாலும் கையில் ஒரு பிரதி வேண்டும். கணினியில் டிரைவ் ஃபோல்டரில் தெரியும் டாக்ஸ் ஃபைலைப் பென்டிரைவில் போட்டால் அது பேக்கப் ஆகாது. அது வெறும் சுட்டி, உள்ளே ஒன்றும் இல்லை. தகவல்களை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டில் டிரைவை மட்டும் தேர்ந்தெடுத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் ஓராண்டுக்குத் தானாக எடுத்து வைக்கும், வேர்டு, எக்ஸெல் வடிவத்தில். வந்த எக்ஸெல்லில் இம்போர்ட்ரேஞ்ச், குவெரி போன்ற கூகுளுக்கே உரிய சூத்திரங்கள் வேலை செய்யாது, கடைசியாக இருந்த மதிப்பு மட்டும் நிற்கும். டவுன்லோடு லிங்க் ஒரு வாரத்தில் காலாவதி ஆகிவிடும் என்பதால், மெயில் வந்த அன்றே இறக்கிக்கொள்ளுங்கள்.