'எஸ்.எஃப். சாரோ': ப்ரிட்டி திங்ஸ் குழுவின் தட்டுகளோடு பல ஆண்டுகள்

பிரிட்டனின் ப்ரிட்டி திங்ஸ் ராக் இசைக்குழு 1968 டிசம்பரில் வெளியிட்ட 'எஸ்.எஃப். சாரோ' ஆல்பத்தைப் பற்றி யார் எழுதினாலும், எடுத்த எடுப்பிலேயே அதை உலகின் முதல் ராக் ஓபரா (ஆல்பம் முழுக்க ஒரே கதையை ராக் பாடல்களால் சொல்லும் படைப்பு) என்று அறிமுகப்படுத்திவிடுகிறார்கள். த ஹூ குழுவின் ராக் ஓபராவான 'டாமி' 1969 மே மாதம்தான் வெளிவந்தது என்பதால் தேதிக் கணக்கில் அதற்கு ஆதாரம் உண்டு. அதே நேரத்தில், லண்டனில் இயங்கிய நிர்வானா என்ற வேறொரு குழு 1967இலேயே ஒரே கதையைத் தொடரும் ஆல்பம் ஒன்றை வெளியிட்டிருந்தது என்பதையும் மறக்க முடியாது. இந்தத் தட்டைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்குபவருக்கு இந்த ஆல்பம் சீக்கிரம் பிடிபடாது. பாத்திரங்கள் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் நாடகத்தை இதில் தேடினால் கிடைக்காது. ஆலையை நம்பி வாழும் ஒரு சிற்றூரில் பிறந்து, காதலித்து, போருக்குப் போய், இருந்ததையெல்லாம் இழந்து, முதுமையில் ஒருவரும் துணையின்றி நிற்கும் சாரோ என்ற ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கை பதின்மூன்று பாடல்களாக இதில் இருக்கிறது. அந்த மனிதனுக்காகக் கேட்டால் ஆல்பம் தானாகத் திறந்துகொள்கிறது.

குழுவின் தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிக் டெய்லர், மிக் ஜாகருடனும் கீத் ரிச்சர்ட்ஸுடனும் ரோலிங் ஸ்டோன்ஸின் ஆரம்ப நாட்களில் வாசித்தவர். 1962இல் ஓவியப் படிப்புக்காக அதிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே, தென்கிழக்கு லண்டனை ஒட்டிய சிட்கப் கலைக் கல்லூரியில் உடன் படித்த ஃபில் மேயைப் பாடகராக வைத்து இந்தக் குழுவைத் தொடங்கினார். 1964இல் வந்த 'டோன்ட் பிரிங் மி டவுன்' பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 10ஆம் இடத்துக்கும், 1965இல் வந்த முதல் ஆல்பம் 6ஆம் இடத்துக்கும் ஏறின. ஸ்டோன்ஸைவிட முரட்டுத்தனமான ப்ளூஸ் இசை, அதைவிட நீண்ட தலைமுடி, நியூசிலாந்துப் பயணத்தில் டிரம்ஸ் கலைஞர் விவ் பிரின்ஸ் செய்த ரகளைகள் என்று பத்திரிகைகளுக்குத் தீனி குறையவில்லை. இந்தக் கட்டத்துப் பாடல்களை நான் அடிக்கடி கேட்பதில்லை. அவற்றில் வேகம் உண்டு. ஆனால் சில முறை கேட்ட பிறகு புதிதாக எதுவும் தட்டுப்படுவதில்லை. 1967இல் வந்த மூன்றாவது ஆல்பமான 'இமோஷன்ஸ்', குழுவின் விருப்பத்துக்கு மாறாகப் பித்தளைக் குழல்களும் வயலின்களும் ஏற்றப்பட்ட ஒன்று. அதில் நல்ல மெட்டுகள் இருந்தும் அந்த அலங்காரத்தைத் தாண்டி அவை நம்மிடம் வந்து சேர்வதற்கு மிகவும் சிரமப்படுகின்றன.

மாற்றம் 1967இல் நிகழ்ந்தது. ஜான் போவியும் வாலி வாலரும் குழுவில் சேர்ந்தார்கள். இருவரும் ஃபென்மென் என்ற குழுவில் பல குரல் சேர்ந்திசையில் தேர்ந்தவர்கள். இ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்தோடு புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. தயாரிப்பாளராக நார்மன் ஸ்மித் வந்தார். 'ரப்பர் சோல்' வரை பீட்டில்ஸின் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவரும், பிங்க் ஃப்ளாய்டின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவரே. இந்தக் கூட்டணியின் முதல் விளைச்சல் 1967 நவம்பரில் வந்த 'டிஃபெக்டிங் கிரே' என்ற சிங்கிள் (தனிப் பாடலாக வெளியிடும் சிறு தட்டு). ஊஞ்சல்போல் ஆடும் மூன்றடித் தாள நடையில் மெல்லிய குரலில் தொடங்கி, முன்னறிவிப்பே இல்லாமல் கரகரக்கும் கிட்டார்களுக்குள் விழுந்து, மறுபடி அதே மென்மைக்குத் திரும்பி, மறுபடி உடைந்து போகும் பாடல் அது. வானொலியில் ஒலிக்க வேண்டிய ஒரு சிங்கிளாக இதை வெளியிடத் துணிந்தார்கள் என்பதே இந்தக் குழுவின் இயல்பைக் காட்டிவிடுகிறது. விற்பனை எதிர்பார்த்தபடியே மோசமாக இருந்தது.

அதன் பிறகு ஏறத்தாழ ஓர் ஆண்டு, ஆபி ரோடு ஸ்டுடியோவில் விட்டுவிட்டு நடந்த ஒலிப்பதிவுகளில் உருவானதுதான் 'எஸ்.எஃப். சாரோ'. அதே கட்டடத்தில் அதே ஆண்டில் பீட்டில்ஸ் தங்கள் வெள்ளை ஆல்பத்தையும், பிங்க் ஃப்ளாய்ட் தங்கள் இரண்டாவது ஆல்பத்தையும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். இவர்களுக்கு வாய்த்த பணம் மிகக் குறைவு. பாதி வேலையில் டிரம்ஸ் கலைஞர் ஸ்கிப் ஆலன் விலகிப் போக, டுமாரோ குழுவில் இருந்த ட்விங்க் வந்து மீதியை வாசித்தார். இவ்வளவு இழுபறியில் பிறந்த ஆல்பம், கேட்கும்போது ஒரே மூச்சில் செய்ததுபோல் இருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

கேட்கத் தொடங்கிய காலத்தில் என்னை இழுத்தது 'பலூன் பர்னிங்'. சாரோவின் காதலி ஆகாயக் கப்பலில் அவனைத் தேடி வருகிறாள். தரையிறங்கும் வேளையில் அது தீப்பிடித்து எரிகிறது. டிக் டெய்லரின் கிட்டார் ஒரே சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப அறைந்துகொண்டே இருக்க, அதன்மேல் குரல்கள் அலையலையாக ஏறுகின்றன. ஆண்டுகள் போகப் போக அதற்கு முந்தைய பாடலான 'பிரைவேட் சாரோ'விடம்தான் நான் அதிகம் திரும்பிச் செல்கிறேன். படையணி நடைக்கான டிரம்ஸ் ஒலிக்கிறது. அதன்மேல் புல்லாங்குழல்போல் ஒரு மெல்லோட்ரான் (ஒலிநாடாவில் பதிந்த ஒலிகளை எழுப்பும் விசைப்பலகை வாத்தியம்) மெட்டு, குழந்தைகளின் விளையாட்டுப் பாட்டின் சாயலில் துள்ளிக்கொண்டு வருகிறது. பாடல் முடியும் தறுவாயில், பின்னணியில் ஒரு குரல் உணர்ச்சியே இல்லாமல் படைவீரர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டு போகிறது. அந்தக் குரலை ஒலி கூட்டி முன்னால் கொண்டுவந்திருந்தால் அது வெறும் பிரசாரமாகியிருக்கும். மெட்டு பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருக்க, பெயர்கள் பாட்டுக்கு உதிர்ந்துகொண்டிருக்கின்றன. போரைப் பற்றி அந்தக் காலத்து ராக் இசை சொன்னவற்றில் இதைவிடக் கடுமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

'பிரேஸ்லெட்ஸ் ஆஃப் ஃபிங்கர்ஸ்' பாடலின் முதல் சில நொடிகளையும் சொல்ல வேண்டும். வாத்தியம் ஏதும் இன்றி, குரல்கள் மட்டும் தேவாலயச் சேர்ந்திசைபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. போவியும் வாலரும் குழுவுக்குக் கொண்டுவந்தது என்ன என்று கேட்பவருக்கு இந்தச் சில நொடிகளே பதில். மாறாக, 'வெல் ஆஃப் டெஸ்டினி' எனும் ஒலிக் குவியலை இத்தனை காலம் கழித்தும் நான் பொறுமையோடுதான் கடக்கிறேன். அது கதைக்குத் தேவைப்படலாம், காதுக்குத் தேவைப்படவில்லை. ஹைட்டியின் வூடு மரபில் மரணத்தோடு தொடர்புடைய தெய்வத்தின் பெயரைத் தாங்கிய 'பேரன் சாட்டர்டே' பாடலும், சித்தார் இழைந்து வரும் 'டெத்' பாடலும் நடுப்பகுதியைத் தாங்கி நிற்கின்றன. மென்மையான 'டிரஸ்ட்', வெறிகொண்ட 'ஓல்ட் மேன் கோயிங்', ஒன்றரை நிமிடமே நீளும் 'லோன்லியஸ்ட் பர்சன்' என்று அடுத்தடுத்து வரும் கடைசி மூன்று பாடல்களை மட்டும் எவரும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடைசிப் பாடலில் மீட்பு இல்லை, ஞானோதயம் இல்லை. ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரும் சோர்ந்த குரலும் சட்டென்று நின்றுவிடுகின்றன. 'டாமி'யின் முடிவு கேட்பவரை எழுப்பி நிறுத்துகிறது; இதன் முடிவு அவரை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறது. இரண்டில் எது விற்கும் என்பதை யாரும் எளிதில் சொல்லிவிடலாம்.

நடைமுறையில் ஒரு குறையை எச்சரிக்கையாகவே சொல்கிறேன். இந்த ஆல்பத்தின் கதை பாடல் வரிகளில் முழுமையாக இல்லை. ஃபில் மே தானே எழுதிய கதைப் பகுதிகள், அவரே வரைந்த அட்டையின் உள்பக்கத்தில், பாடல் வரிகளுக்கு இடையிடையே அச்சிடப்பட்டிருந்தன. சாரோ எப்படிப் போருக்குப் போனான், எப்படிப் புதிய நாட்டுக்கு வந்தான், கண்ணாடிகள் நிறைந்த அறையில் எதைக் கண்டான் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கைப்பேசியில் ஸ்ட்ரீமிங் வழியாகக் கேட்கிறவருக்கு அந்தப் பக்கம் கிடைப்பதில்லை; ஆகவே ஆறாவது பாடலுக்குள் கதை கையை விட்டு நழுவிவிடும். இதற்கு நல்ல மாற்று உண்டு. வெளிவந்த காலத்தில் மேடையில் வாசிக்க முடியாத அளவுக்குச் சிக்கலாக இருந்ததால், அன்று ஒலிநாடாவை ஓடவிட்டு அபிநயித்து மட்டுமே காட்டிய இந்த ஆல்பத்தை, 1998 செப்டம்பரில் அதே ஆபி ரோடு ஸ்டுடியோவில் குழுவினர் முழுமையாக வாசித்து இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பினார்கள். பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மர் விருந்தினராகக் கிட்டார் வாசிக்க, பாடகர் ஆர்தர் பிரவுன் பாடல்களுக்கு நடுவே கதையை எடுத்துச் சொன்னார். 'ரெசரக்‌ஷன்' என்ற பெயரில் கிடைக்கும் அந்தப் பதிவை ஒருமுறை கேட்டுக் கதையைப் பிடித்துக்கொண்டு, பிறகு மூலத்துக்கு வருவது நல்ல வழி. ஐம்பதைத் தாண்டிய ஃபில் மேயின் குரலில் 'லோன்லியஸ்ட் பர்சன்' கேட்பது தனி அனுபவம்.

மோனோவா (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்), ஸ்டீரியோவா (இடம் வலமாகப் பிரிந்து) என்ற கேள்வியும் வரும். இரண்டு கலவைகளையும் நீண்ட காலம் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறேன். இரவில் ஹெட்ஃபோனில் கேட்க ஸ்டீரியோ இனிமையானது. குரல் அடுக்குகள் பிரிந்து தெரிகின்றன, 'ஐ சீ யூ' பாடலின் பரப்பு விரிகிறது. ஆனால் அறையில் ஸ்பீக்கரில் கேட்பதாக இருந்தால் மோனோவுக்கு ஈடு இல்லை. டிரம்ஸும் பேஸும் கிட்டாரும் ஒரே இடத்திலிருந்து திரண்டு வரும்போது, 'பலூன் பர்னிங்', 'ஓல்ட் மேன் கோயிங்' இரண்டும் ஸ்டீரியோவில் இல்லாத கனத்தைப் பெறுகின்றன. 1967, 68 ஆண்டுகளின் இரண்டு சிங்கிள்களில் இருந்த நான்கு பாடல்களையும் பின்னிணைப்பாகக் கொண்ட சிடி பதிப்புகள் உண்டு. முடிந்தவரை அவற்றையே வாங்குங்கள். 'வாக்கிங் த்ரூ மை டிரீம்ஸ்' பாடலுக்காக மட்டுமே கூடுதல் விலை கொடுக்கலாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் கவனிக்கப்படவில்லை? இசையின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்பது என் உறுதியான கருத்து. வெள்ளை ஆல்பமும், ஸ்டோன்ஸின் 'பெகர்ஸ் பேங்க்வெட்'டும் கடைகளை நிறைத்திருந்த வாரங்களில் இது வெளிவந்தது. நிறுவனம் பெரிதாக விளம்பரம் செய்யவில்லை. பட்டியலில் இடமே கிடைக்கவில்லை. அமெரிக்காவில் மோட்டவுனின் துணை நிறுவனமான ரேர் எர்த் வழியாக 1969இல், அதுவும் 'டாமி' வந்த பிறகுதான் வெளியானது. முன்னால் எழுதியவர்கள், பின்னால் வந்ததைப் பார்த்துச் செய்தவர்களாகக் கருதப்பட்டார்கள். குழுவை உருவாக்கிய டிக் டெய்லரே 1969இல் மனம் வெறுத்து விலகிவிட்டார்.

அவர் இல்லாமல் 1970இல் வந்த 'பாராசூட்'டை நான் ஏறத்தாழ இதற்கு நிகராக வைக்கிறேன். நகரத்து நெரிசலுக்கும் நாட்டுப்புறத்து ஒதுக்கத்துக்கும் இடையில் ஒரு தலைமுறை அலைக்கழிவதைச் சொல்லும் அந்தத் தட்டின் முதல் பக்கத்தில், சின்னச் சின்னப் பாடல்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. சாரோவின் கதை கனமாகத் தோன்றும் நாட்களில் இதைத்தான் எடுக்கிறேன். அதன்பின், லெட் செப்பலினின் ஸ்வான் சாங் நிறுவனம் வெளியிட்ட 'சில்க் டார்பீடோ', 'சாவேஜ் ஐ' இரண்டும் தேர்ச்சியான ராக் இசை. அதற்குமேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

வருமானத்துக்காக இவர்கள் செய்த வேலை ஒன்று என் நீண்ட காலத் துணையாகிவிட்டது. திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் பின்னணி இசை விற்கும் டி வுல்ஃப் நிறுவனத்துக்காக, எலெக்ட்ரிக் பனானா என்ற புனைபெயரில் இவர்கள் தட்டுகள் பதிவு செய்தார்கள். ஒரு பக்கம் பாடல்கள், மறுபக்கம் அதே பாடல்களின் வாத்திய வடிவம். கடைகளில் விற்பதற்காக அவை உருவாக்கப்படவே இல்லை. ஆனால் யாரும் கேட்கப்போவதில்லை என்ற நிலையிலும் இவர்கள் மெட்டில் கஞ்சத்தனம் காட்டவில்லை. வாலரின் பேஸ் வாசிப்பைத் தெளிவாகக் கேட்க விரும்புகிறவர்கள் அந்த வாத்தியப் பக்கங்களுக்குப் போகலாம்.

2018 டிசம்பரில் லண்டனில் விடைபெறும் கச்சேரி நடந்தது. கில்மரும் பாடகர் வான் மாரிசனும் வந்து பங்கேற்றார்கள். நுரையீரல் நோயால் மின்கிட்டார்களின் இரைச்சலுக்கு மேல் பாட முடியாத நிலையில், ஃபில் மே தன் பழைய நண்பர் டெய்லரின் அக்கூஸ்டிக் கிட்டாரை மட்டும் பெரும்பாலும் துணையாகக் கொண்டு ஒரு கடைசி ஆல்பத்தைப் பாடினார். 2020 மே 15 அன்று, 75 வயதில் அவர் இறந்த பிறகு, அந்த ஆண்டு செப்டம்பரில் 'பேர் ஆஸ் போன், பிரைட் ஆஸ் பிளட்' என்ற பெயரில் அது வெளிவந்தது. சிட்கப் கல்லூரி நாட்களில் இருவரையும் இணைத்த ப்ளூஸுக்கே அதில் திரும்பியிருக்கிறார்கள். இதைத் தொடக்கநிலைக் கேட்பவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. முதலில் 'டிஃபெக்டிங் கிரே', அடுத்து 'எஸ்.எஃப். சாரோ' மோனோவில், அதன் பிறகு 'பாராசூட்' என்ற வரிசையில் கேட்டு, ஃபில் மேயின் குரல் பழகிய பிறகு இந்தக் கடைசித் தட்டை எடுங்கள்.