120 டாலர் போச்சு: ஜேசன் (JSON) ஃபைல் வேலையை வெளியாளிடம் கொடுக்கிறவர்கள் கொஞ்சம் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், அங்கங்கே தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு தளம், பெயர் வேண்டாம். வேலை சின்னது. சப்ளையர் தினமும் அனுப்பும் ஆர்டர் விவரம் ஜேசன் ஃபைலாக வரும், அதாவது தகவலை எழுத்தாக அடுக்கி அனுப்பும் வடிவம். அதை பிஎச்பி (PHP) என்ற புரோகிராமிங் மொழியில் அர்ரேயாக, அதாவது பட்டியலாக, மாற்றி டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். பேசிய தொகை 120 டாலர்.

மாதிரிக்கு ஒரே ஓர் ஆர்டரை சாட்டில் ஒட்டி அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் அந்த ஃப்ரீலான்ஸர் திரையைப் பகிர்ந்து ஓட்டிக் காட்டினார். எண், பெயர், தொகை எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. "அவ்வளவுதான் பிரதர், பேமென்ட்டை ரிலீஸ் பண்ணிடுங்க" என்றார். பண்ணினேன். கேட்காமலேயே ஐந்து ஸ்டாரும் போட்டேன். பணத்தைவிட அந்த ஐந்து ஸ்டார்தான் இப்போது எரிகிறது.

மறுநாள் நிஜ ஃபைலை ஓட்டினேன். "வெற்றிகரமாக முடிந்தது" என்று பச்சை எழுத்தில் வந்தது. நாலு நாள் அந்தப் பச்சையைப் பார்த்தே நிம்மதியாக இருந்துவிட்டேன். ஐந்தாம் நாள் டேபிளைத் திறந்தால் ஒரு வரிகூட இல்லை.

கேட்டதற்கு முதலில் "உங்க சர்வர் பழசு" என்றார். என்னுடையது பிஎச்பி 8.2. அப்புறம் "சப்ளையர் டேட்டா தப்பு". அப்புறம் "பார்க்கணும்னா இன்னும் 40 டாலர் ஆகும்". அப்புறம் பதிலே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தால், பணத்தை நீங்களே விடுவித்துவிட்டீர்கள் என்று ஒரே வரி. இரண்டாம் தடவை கேட்டபோதும் எழுத்து மாறாமல் அதே வரி.

கடைசியில் நானே கோடைப் பிரித்தேன். 120 டாலர் கோளாறு முழுக்க ஒரே வரியில் இருந்தது. ஜேசனைப் பிரித்துத் தரும் 'ஜேசன் டீகோட்' ஃபங்ஷனுக்கு இரண்டாவதாக ட்ரூ என்று கொடுத்தால் எத்தனை அடுக்கு இருந்தாலும் அர்ரேயாகவே வரும். இவர் அதைக் கொடுக்காமல், ஆப்ஜெக்ட் என்ற வேறு வகையாக வந்ததன் முன்னால் அர்ரே என்று காஸ்ட் (வகையை மாற்றும் கட்டளை) போட்டிருக்கிறார். அது மேல் அடுக்கை மட்டும்தான் மாற்றும், உள்ளே இருப்பதெல்லாம் ஆப்ஜெக்டாகவே கிடக்கும். என் மாதிரியில் ஒரே அடுக்கு, அதனால் ஓடியது.

இதைவிட மோசம் இன்னொன்று. சப்ளையர் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் 'பாம்' (BOM) குறி, அதாவது ஃபைலின் எழுத்து முறையைச் சொல்லும் குறி, இருந்தது. அது இருந்தால் டீகோட் தோற்று, சத்தமே இல்லாமல் நல் (null, அதாவது ஒன்றுமில்லை) கொடுக்கும். நல்லை அர்ரேயாக காஸ்ட் செய்தால் காலி அர்ரே. காலி அர்ரேயில், ஒவ்வொன்றாக எடுத்து ஏற்றும் லூப் ஒரு சுற்றும் சுற்றாது, எரரும் வராது. பச்சை எழுத்து மட்டும் வரும்!

என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. நிஜ ஃபைலை முழுசாக ஓட்டாமல் பணத்தை விடாதீர்கள். ஃபைலில் ஒரு கமாவை அழித்துக் கெடுத்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள், அப்போதும் "வெற்றி" என்றால் ஆளை அனுப்பிவிடுங்கள். டீகோட் தோற்றால் எரர் கொடுக்க வைக்கும் 'த்ரோ ஆன் எரர்' என்ற ஃப்ளாக் பிஎச்பி 7.3 முதலே இருக்கிறது, அது கோடில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஐந்து நாள் ஆர்டர் அப்படியே நிற்கிறது. நான் போய் ஏற்ற வேண்டும்.