மூக்குப்பேணிக்கு முதல் பூச்சு: பழுப்பா, நேரடி நிறமா?

கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் யன்னலோரம் ஒரு மேசை. அதன்மேல் பித்தளை மூக்குப்பேணி (மூக்கு வைத்த குவளை), இரண்டு தேசிக்காய், பாதி உரித்த வெங்காயம். எண்ணெய் வர்ணத்தில் இவற்றைத் தீட்டத் தொடங்க இரண்டு வழிகள் உண்டு. பழுப்பில் மட்டும் ஒளியையும் நிழலையும் போட்டு, காய்ந்தபின் நிறம் ஏற்றலாம். அல்லது ஈரத்தின்மேல் ஈரமாக, ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

இரண்டாவதில்தான் எல்லோருக்கும் ஆசை. தூரிகை போன தடம் அப்படியே நிற்கும். தேசிக்காய் வாடுவதற்குள் படமும் முடிந்துவிடும். டியூப் வேகமாகக் காலியாகும் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெளிச்சம்தான் சிக்கல். இரண்டு மூன்று மணி நேரம் நிழல் நகராமல் இருக்க வேண்டும். அதற்காகவே ஐரோப்பியக் கைநூல்கள் வடக்கு யன்னலைச் சொல்கின்றன. கொழும்போ ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதி முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை சூரியன் நாள் முழுவதும் நமக்கு வடக்குப் பக்கமாகவே செல்கிறது. கைநூலை நம்பி வடக்கே மேசை போட்டால் காலை வெயில் சாய்வாக வந்து பேணியில் விழும். அந்த மாதங்களில் மேசையைத் தெற்கு யன்னலுக்கு மாற்றுங்கள். அப்போதும் தென்மேற்குப் பருவ மேகம் நிமிடத்துக்கொரு முறை வெளிச்சத்தை அணைத்து ஏற்றும்.

அதனால் தொடக்கக்காரருக்கு நான் பழுப்பையே சொல்வேன். நிழலின் ஓரங்களைப் பிடிக்க முக்கால் மணி நேரம் போதும். நிறத்தை இன்னொரு நாள் அதே நேரத்தில் தொடரலாம். டேர்ப்பன்டைனில் நீர்க்கக் கரைத்த பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வர்ணமே நல்லது. அதிலுள்ள மங்கனீசு எண்ணெயை விரைவில் உலரச் செய்யும். நான் முதல்முறை கறுப்பில் தொடங்கிவிட்டு நாட்கணக்கில் ஒட்டும் கன்வஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்பூச்சுகளில் ஆளிவிதை எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அடிப்பூச்சில் எண்ணெய் கூடி மேலே குறைந்துபோனால் பின்னாளில் வெடிப்பு விடும்.

பித்தளைக்குப் பழுப்பு போட்டதுமே பாதி வேலை முடிந்துவிடுகிறது. தேசிக்காய்க்கு அதுவே பகை: அடியில் பழுப்பு இருந்தால் மேலே வரும் பச்சை மஞ்சள் செத்துப்போகும். அந்த இடத்தை மட்டும் ஈரமாக இருக்கும்போதே துணியால் வெள்ளை தெரியத் துடைத்துவிட்டு, கடைசி நாளில் நேரடி முறையில் ஒரே மூச்சில் போடுங்கள்.

மூன்றாம் நாள் புதுத் தேசிக்காய்களை வைத்தேன். சோக்கட்டியால் வட்டம் போட்டிருந்ததால் இடம் பிசகவில்லை. பழையவை ஊறுகாய்க்கும் உதவாது என்றுவிட்டார் அம்மா, டேர்ப்பன்டைன் மணக்கிறதாம்.