ரீகால் ஆன ஆஃப்-ரோடு வண்டி: பழுதுபார்ப்பா, குழு வழக்கா, தனி வழக்கா?

2016 ஏப்ரலில் அமெரிக்காவின் போலாரிஸ் நிறுவனம் தன் ஆர்இசட்ஆர் 900, 1000 ஆஃப்-ரோடு வண்டிகளில் சுமார் 1,33,000-ஐ ரீகால் செய்தது, அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. 2013 முதல் 2016 வரையிலான மாடல்கள். தீப்பிடித்ததாக அதற்குள் 160-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன. 19 பேருக்குக் காயம். கவிழ்ந்து எரிந்த ஒரு வண்டியில் 15 வயதுப் பயணி ஒருவர் இறந்துபோனார். மணல்மேட்டிலும் மலைப்பாதையிலும் வார இறுதியில் குடும்பத்தோடு ஓட்டிப் பார்க்க அமெரிக்கர்கள் ஏறத்தாழ 20,000 டாலர் கொடுத்து வாங்கும் வண்டி இது. இன்ஜின் இருக்கைக்கு நேர் பின்னால். தீப்பிடித்தால் பெல்ட்டைக் கழற்றி, வலையை விலக்கி இறங்க அதிக நேரம் கிடைக்காது.

இப்படி ஒரு வண்டி கொட்டகையில் நிற்கும்போது உரிமையாளர் என்ன செய்யலாம் என்று கேட்டால், இணையத்தில் வக்கீல் விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருக்கின்றன: “உடனே அழையுங்கள்.” ஆனால் உரிமையாளர்கள் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. வண்டி எரியவே இல்லை என்பவர் ஒருவர். வண்டி மட்டும் எரிந்தது, ஆளுக்கு ஒன்றுமில்லை என்பவர் இன்னொருவர். உடம்பில் தீக்காயத்தோடு இருப்பவர் மூன்றாமவர். இந்த மூவருக்கும் சட்டம் காட்டும் முகம் வேறு வேறு. என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன்: முதலாமவருக்கு ரீகால்தான் கையில் கிடைக்கும் உருப்படியான பலன், நீதிமன்றத்தில் அவருக்குப் பெரிதாக எதுவும் இல்லை. மூன்றாமவருக்கு நேர் எதிர். நடுவில் இருப்பவர்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்.

ரீகால் பழுதுபார்ப்பு

கார்களுக்கு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை. சாலையில் ஓடாத இந்த வண்டிகள் அதன் வரம்பில் வராது. சைக்கிளையும் தொட்டிலையும் கவனிக்கும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ்தான் இவை வருகின்றன. ஆபத்தான குறை இருப்பதாகத் தெரியவந்தால் நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்திடம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். போலாரிஸ் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2018 ஏப்ரலில் 2 கோடியே 72 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. அது ஆர்இசட்ஆருக்கு மட்டுமல்ல, அதே நிறுவனத்தின் ரேஞ்சர் வண்டிகளின் வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்து விழுந்த விவகாரத்துக்கும் சேர்த்துத்தான். செய்தியில் பார்க்கப் பெரிய தொகை. ஆனால் அது அரசுக் கருவூலத்துக்குப் போகும் பணம். வண்டிக்காரருக்கு அதிலிருந்து ஒரு டாலர்கூட வராது.

ரீகாலின் நல்ல பக்கம், எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வண்டி எண்ணைச் சொன்னால் டீலர் இலவசமாகச் செய்து தருவார். சட்டத்தில் பழுதுபார்ப்பு, மாற்று வண்டி, பணம் திருப்பித் தருதல் என்று மூன்று வழிகள் இருந்தாலும், விலை கூடிய வண்டிகளுக்கு நடைமுறையில் வாய்ப்பது பெரும்பாலும் முதலாவதுதான்.

கெட்ட பக்கம், செய்த பழுதுபார்ப்பு வேலை செய்யும் என்று உத்தரவாதம் இல்லை. 2017 டிசம்பரில் ஆணையமும் போலாரிஸும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட வேண்டி வந்தது. ரீகாலில் பழுது பார்க்கப்பட்ட வண்டிகளிலும் தீ தொடர்கிறது. ரீகாலில் சேராத 2017 மாடல்களும் எரிகின்றன என்று. நோட்டீஸ் வந்தது, டீலரிடம் விட்டேன், எடுத்து வந்தேன், முடிந்தது என்று இருந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

பழுதுபார்க்கக் கொடுத்தால் வழக்குப் போடும் உரிமை போய்விடுமோ என்று சிலர் வண்டியை அப்படியே நிறுத்தி வைக்கிறார்கள். சாதாரண ரீகால் வேலையால் உரிமை போகாது. மாறாக, நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் ஓட்டி, பிறகு எரிந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துப் போடுவது அந்த நோட்டீஸைத்தான். கவனிக்க வேண்டியது வேறு: நல்லெண்ணத் தொகை, பரிசுக் கூப்பன் என்று ஏதாவது நீட்டி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால் முழுசாகப் படிக்காமல் போடாதீர்கள். வேலைச் சீட்டில் எதைப் பார்த்தார்கள், எதை மாற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள். “ரீகால் முடிந்தது” என்ற ஒற்றை வரி நாளைக்கு எதற்கும் உதவாது. கழற்றிய பாகத்தைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் படமாவது எடுத்து வையுங்கள்.

குழு வழக்கு

ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே குறை, ஒரே நிறுவனம், அப்படியானால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வழக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது, செலவும் உங்களுடையது இல்லை. ஆனால் ஆர்இசட்ஆர் விஷயத்தில் இந்த வழி எங்கே போய் முட்டியது என்று பாருங்கள்.

போலாரிஸின் தலைமையகம் மினசோட்டாவில். அங்கே தொடுத்த குழு வழக்கில் வண்டி எரிந்தவர்களும் இருந்தார்கள், எரியாதவர்களும் இருந்தார்கள். எரியாதவர்களின் வாதம்: தீப்பிடிக்கும் என்று தெரிந்திருந்தால் இந்த விலை கொடுத்திருக்க மாட்டோம், இப்போது விற்கப் போனாலும் விலை போகாது. எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-ல் இதை ஏற்கவில்லை. அந்த வட்டாரத்தில் வெகுநாளாக இருக்கும் விதி இது: குறிப்பிட்ட மாடலில் குறை இருக்கிறது என்று சொன்னால் போதாது, உங்கள் கையிலுள்ள வண்டியில் அந்தக் குறை வெளிப்பட்டிருக்க வேண்டும். வெளிப்படவில்லையா, வழக்குத் தொடுக்கும் தகுதியே கிடையாது. போலாரிஸின் ஸ்போர்ட்ஸ்மேன் வண்டிகளின் புகைபோக்கிச் சூடு பற்றிய இன்னொரு வழக்கிலும் அதே ஆண்டு அதே நீதிமன்றம், குழுவாகச் சேர அனுமதி மறுத்தது சரிதான் என்றது.

கலிஃபோர்னியாவில் சங்கதி வேறு. அங்கே பிரச்சினை தீ அல்ல, கவிழும்போது தலையைக் காக்க வேண்டிய கம்பிக்கூண்டு. கூண்டு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்றது என்று வண்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொய் என்றார் வாங்கியவர். நுகர்வோர் சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்க மூன்று ஆண்டுகள்தான் கெடு, அது கடந்துவிட்டது. நியாயமற்ற வணிகத்துக்கு எதிரான சட்டத்துக்கு நான்கு ஆண்டுகள், எனவே அந்தக் கதவைத் தட்டினார். ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் 2022-ல் என்ன சொன்னது தெரியுமா? உங்களுக்குச் சரியான சட்ட வழி ஒன்று இருந்தது. நீங்கள் கெடுவைத் தவறவிட்டீர்கள் என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது. ஆகவே இந்த இரண்டாவது வழியை மத்திய நீதிமன்றத்தில் கேட்க முடியாது. மாநில நீதிமன்றத்தில் மறுபடி போடலாம் என்ற வாய்ப்பை மட்டும் விட்டு வைத்தது. கெடு தவறியதால், அவ்வளவு தூரம் போன வழக்கு கடைசியில் மறுபடி வாசலுக்கே.

குழு வழக்கால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சமரசம் ஏற்பட்டால் வாரண்டி நீட்டிப்பு, ஓரளவு பணம் கிடைக்கலாம். ஆனால் அதை நம்பி வேறு வழிகளின் கெடுவைத் தவறவிடுவது பைத்தியக்காரத்தனம். தீக்காயம் பட்டவர் என்றால் சமரச நோட்டீஸ் வரும்போது என்னென்ன உரிமைகளை அது விட்டுக்கொடுக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் விலகிக்கொள்ள வேண்டும்.

வண்டி மட்டும் எரிந்தவர்

இவருக்கு எல்லோரும் சொல்லும் ஆறுதல், “நல்லவேளை, ஆளுக்கு ஒன்றுமில்லை.” உண்மைதான். ஆனால் சட்டத்தில் இதுவே இவருக்கு எதிராக நிற்கிறது. பொருளின் குறையால் அந்தப் பொருள் மட்டும் நாசமானால், அது ஒப்பந்த விவகாரம், அடுத்தவர் தவறால் நேர்ந்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் வழக்கு அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986-ல் எண்ணெய்க் கப்பல்களின் டர்பைன் பழுது பற்றிய ஒரு வழக்கில் சொன்னது. அது கடல்சார் சட்டம் என்றாலும் பல மாநிலங்கள் இதே வழியில்தான் போகின்றன. ஆகவே இவருக்கு மிஞ்சுவது வாரண்டி. விற்பனை வாரண்டிக்குப் பெரும்பாலான மாநிலங்களில் வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகள். எரிந்த நாளிலிருந்து இல்லை! 1975-ன் மத்திய வாரண்டிச் சட்டம் இங்கே நல்ல ஆயுதம்: ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தை எதிர்த்தரப்பிடம் வாங்க முடியும், அதனால் 20,000 டாலர் வண்டிக்கும் வக்கீல் கிடைப்பார். குறைபட்ட வாகனத்தைத் திருப்பி எடுக்கவைக்கும் ‘லெமன்’ சட்டங்கள் பல மாநிலங்களில் சாலை வண்டிகளோடு நின்றுவிடுகின்றன. உங்கள் மாநிலத்தில் ஆஃப்-ரோடு வண்டி சேர்த்தியா என்று முதலில் பாருங்கள்.

இன்சூரன்ஸ் இருந்தால் அதுதான் விரைவு. அன்றைய சந்தை மதிப்பைக் கொடுத்துவிட்டு, உங்கள் இடத்தில் நின்று தயாரிப்பாளரிடம் இன்சூரன்ஸ் கம்பெனி வசூலித்துக்கொள்ளும். சிக்கல் ஒன்றுதான்: பணம் கொடுத்த கையோடு எரிந்த கூட்டை எடுத்துப்போய் ஏலத்தில் விட்டுவிடுவார்கள். வாரண்டி வழக்கோ காயத்துக்கான வழக்கோ போடும் எண்ணம் துளியாவது இருந்தால், வண்டியை அழிக்கவோ விற்கவோ கூடாது என்று இன்சூரன்ஸுக்கு எழுத்தில் அனுப்புங்கள். தீ எங்கிருந்து தொடங்கியது என்று சொல்லக்கூடிய நிபுணர் பார்க்கும் முன் யாரும் எதையும் கழற்றக் கூடாது. பெட்ரோல் குழாயா, புகைபோக்கிச் சூடா, பின்னால் செருகிய வேறு கம்பெனி விளக்கின் வயரா என்பதைக் கரிந்த உலோகம்தான் சொல்லும். அது போனால் வழக்கும் போன மாதிரிதான்.

தனிக் காய வழக்கு

உடம்பில் அடி பட்டவருக்கு இதுதான் வழி, சந்தேகமே இல்லை. வக்கீல்கள் பெரும்பாலும் வெற்றிப் பங்குக்கு எடுக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு முதல் நாற்பது சதவீதம் வரை போகும், நிபுணர் செலவு தனி. ஆனால் இதில் முக்கியமான ஒன்று எட்டக்கூடும்: நிறுவனத்தின் உள் ஆவணங்கள். தீக்காய வழக்கு ஒன்றில், பாதுகாப்பு நடைமுறைகளைப் பற்றி வெளி வக்கீல் நிறுவனத்தை வைத்து போலாரிஸ் தயாரித்த தணிக்கை அறிக்கை எதிர்த்தரப்பு கைக்குப் போய்விட்டது. அது வக்கீல்-கட்சிக்காரர் ரகசியம், திருப்பிக் கொடு என்றது நிறுவனம். அறிக்கையின் முக்கிய நோக்கம் சட்ட ஆலோசனை அல்ல, வணிக ஆலோசனை என்று கீழ் நீதிமன்றம் எடுத்த முடிவை மினசோட்டா உச்ச நீதிமன்றம் 2021-ல் மாற்றவில்லை.

ரீகாலே குற்ற ஒப்புதல்தானே என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. விபத்துக்குப் பிறகு நிறுவனம் செய்த திருத்தத்தைக் குறைக்கு ஆதாரமாகக் காட்டக் கூடாது என்பது மத்திய நீதிமன்ற விதி. விபத்துக்கு முன்பே வந்த ரீகால் என்றால், நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட அது உதவும். கலிஃபோர்னியா மாநில நீதிமன்றத்தில் இந்தத் தடையே தளர்வு. அந்த நிலை உருவானதும் ஓர் ஆஃப்-ரோடு வண்டியால்தான்: இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் ஸ்கவுட். கியர்பாக்ஸ் அலுமினியத்தில் இருந்தது; விபத்துக்குப் பிறகு நிறுவனம் அதை இரும்புக்கு மாற்றியது. அந்த மாற்றத்தை ஜூரி பார்க்கலாம் என்றது 1974-ன் தீர்ப்பு. ஆக, எந்த நீதிமன்றத்தில் போடுகிறோம் என்பது சில வழக்குகளில் பாதி வெற்றி.

மறுபக்கம், தனி வழக்கு என்றால் ஜெயம் என்று நினைக்க வேண்டாம். இதே வகை வண்டியான யமஹா ரைனோவைப் பாருங்கள். 2009 மார்ச்சில் ரைனோ 450, 660, 700 மாடல்களுக்கு இலவசப் பழுதுபார்ப்பை ஆணையமும் நிறுவனமும் அறிவித்தன. சுமார் 1,45,000 வண்டிகள், 46 மரணங்கள். சமதளத்தில் மெதுவாகத் திரும்பும்போதே சில கவிழ்ந்தன என்று ஆணையமே சொன்னது. கதவில்லாத வண்டி சாயும்போது கால் தானாக வெளியே நீளும், அதன்மேல் வண்டி விழும். பின் சக்கரங்களை அகலப்படுத்தினார்கள், பின்பக்கச் சமநிலைக் கம்பியைக் கழற்றினார்கள், அரைக் கதவு போட்டார்கள். இவ்வளவு இருந்தும், மத்திய நீதிமன்ற வழக்குகள் கென்டக்கியில் ஒரே நீதிபதியிடம் சேர்க்கப்பட்டும், ஜூரி வரை போன வழக்குகளில் பெரும்பாலும் யமஹாதான் ஜெயித்தது. ஹெல்மெட் போட்டாரா, பெல்ட் போட்டாரா, எவ்வளவு வேகம், குடித்திருந்தாரா, வயது என்ன என்ற கேள்விகள்தான் அங்கே முன்னால் நின்றன. டெக்சாஸில் உங்கள் தவறு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. கலிஃபோர்னியாவில் தாண்டினாலும் மிச்சப் பங்கு கிடைக்கும்.

தீயையும் கவிழ்வதையும் ஒப்பிட்டால், தீ வழக்கு உரிமையாளருக்குச் சாதகமானது என்று எனக்குப் படுகிறது. திருப்பத்தில் கவிழ்ந்தால் ஓட்டியவரைக் குறை சொல்வது சுலபம். நேராக ஓடிய வண்டி எரிந்தால் அவரைக் குறை சொல்வது கஷ்டம்.

எந்த வழியில் போனாலும், அரசின் சேஃபர்ப்ராடக்ட்ஸ் தளத்தில் சம்பவத்தைப் பதிவு செய்துவிடுங்கள். 2011 முதல் அது பொதுமக்கள் பார்க்கும்படி இருக்கிறது, காசு கிடையாது. அப்புறம் கெடு. கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் காய வழக்குக்கு இரண்டே ஆண்டுகள். இன்னொரு கெடு பழைய வண்டி வாங்கியவர்களைக் கவிழ்க்கும்: டெக்சாஸில் முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகள், டென்னசியில் 10 ஆண்டுகள் கடந்தால், விபத்து நேற்றுத்தான் நடந்திருந்தாலும் தயாரிப்பாளர் மேல் வழக்கு பொதுவாக நிற்காது. 2013, 2014 மாடல் ஆர்இசட்ஆரைக் கைமாறி வாங்கியவர்கள் முதல் ரசீதின் தேதியைத் தேடிப் பார்ப்பது நல்லது.