ரயில் சுற்றுலா என்று நம்பி 68,400 ரூபாய் கொடுத்தேன்: நீங்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நேற்று விடியற்காலைதான் சென்ட்ரலில் வந்து இறங்கினோம். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஆத்திரம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிப்போனால் 'சரி, போகட்டும்' என்று எனக்கே தோன்றிவிடும். போனது 68,400 ரூபாய். நானும் அப்பாவும், இரண்டே பேருக்கு. இந்த மாதிரிப் பயணத்துக்குப் பணம் கட்டப்போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது, பெயர் போட்டால் சிக்கல் வரும் என்கிறார்கள். ரயில் பிரியர்களுக்கென்றே மலை ரயில், டிராம் பயணங்களை ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் ஒரு சின்ன அலுவலகம். சென்னையில்தான் இருக்கிறது. மாடியில் ஒரே அறை, ஒரு மேசை, சுவர் முழுக்க நீராவி என்ஜின் படங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் நடத்துகிறார்கள்.

அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டியின் உடலைக் கட்டும் ஷெல் பிரிவு. வயது எழுபத்தொன்பது. சென்னையில் டிராம் ஓடியதைக் கண்ணால் பார்த்தவர். 1895ல் தொடங்கிய அந்த டிராம் 1953 ஏப்ரலில் நின்றபோது அப்பாவுக்கு ஏழு வயது. தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மவுண்ட் ரோட்டில் டிராம் ஏறியது, வண்டிக்காரர் காலால் மணியை மிதிப்பது, இதையெல்லாம் எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. இந்தியாவில் இப்போது டிராம் மிச்சமிருப்பது கொல்கத்தாவில் மட்டும். அதுவும் தேய்ந்துகொண்டே வருகிறது. எஸ்பிளனேடு - மைதானம் தடத்தைத் தவிர மற்றதையெல்லாம் நிறுத்தப்போவதாக 2024ல் அந்த மாநில அரசு சொன்னதும் அப்பா இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினார். அப்போதே முடிவு செய்தேன். கொல்கத்தா டிராம், அங்கிருந்து டார்ஜிலிங் மலை ரயில், இரண்டையும் அப்பாவுக்குக் காட்டிவிட வேண்டும்.

நானே டிக்கெட் எடுத்திருக்கலாம். எல்லாம் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலேயே கிடைக்கிறது. ஆனால் டிராமைத் தனியாக வாடகைக்கு எடுப்பது எப்படி என்று தெரியவில்லை. வயதானவரை அழைத்துக்கொண்டு அங்கே போய் அலைய முடியாது என்றும் பயம். அதனால்தான் அந்த மாடிப்படியில் ஏறினேன்.

நான் எந்த இடத்தில் நம்பினேன் என்பதை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

உள்ளே போனதும் அங்கிருந்த பையன், "ஊட்டி நேரோ கேஜ் பேக்கேஜும் இருக்கு சார்" என்றான். உடனே மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவனைத் திருத்தினார். "தம்பி, ஊட்டி மீட்டர் கேஜ். ஆயிரம் மில்லிமீட்டர். டார்ஜிலிங்தான் நேரோ கேஜ், 610." நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம். மலை ரயில் என்றாலே நேரோ கேஜ் என்று சொல்லிவிடுகிறவர்கள்தான் அதிகம். இவர் தெரிந்து பேசுகிறார். ஊட்டிப் பாதையில் கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான் பல்சக்கரப் பாதை, அதாவது செங்குத்தான ஏற்றத்தில் என்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பாதை, என்றார். டார்ஜிலிங்கில் பல்சக்கரமே கிடையாது, அங்கே வளைவும் பின்வாங்கி ஏறும் இசட் பாதையும்தான் என்றார். டார்ஜிலிங்கில் ஓடும் பி கிளாஸ் நீராவி என்ஜினின் கொதிகலன் மேல் சேணம் மாதிரி தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்குமே, அதைக் கையாலேயே வரைந்து காட்டினார். அப்பா ஐ.சி.எஃப். என்று தெரிந்ததும் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, "ஷெல்லா, ஃபர்னிஷிங்கா ஐயா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விதான். பெட்டியின் உடலைக் கட்டுவது ஷெல், உள்ளே இருக்கை முதலியவற்றைப் பொருத்துவது ஃபர்னிஷிங். பெரம்பூரில் வேலை பார்த்தவர்களின் வீடுகளில் கேட்கிற கேள்வி அது. அப்பா முகம் மலர்ந்துவிட்டது. அரை மணி நேரம் பேசினார்கள். அன்றைக்கே 20,000 ரூபாய் ஜிபே செய்தேன்.

இன்னொன்றும் செய்தார். நியூ ஜல்பைகுரியிலிருந்து டார்ஜிலிங் போகும் வண்டிக்கு டீசல் என்ஜின்தான், நீராவி வேண்டுமென்றால் டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை போய்த் திரும்பும் ஜாய் ரைடு என்ற சுற்றுலா வண்டியில்தான் என்று அவராகவே சொன்னார். ஏமாற்ற நினைப்பவன் எல்லாமே நீராவி என்றல்லவா சொல்லுவான் என்று வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவும் தலையாட்டினார்.

அடுத்த வாரம், "இன்னைக்கு ராத்திரிக்குள்ள கட்டலைன்னா நீராவி வண்டி சீட் போயிடும் சார்" என்று 30,000. கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் டிராம் வாடகைக்கும் தங்குமிடத்துக்கும் என்று 18,400. மொத்தம் 68,400. மூன்று முறையும் ஒரு தனி ஆளின் பெயருக்குத்தான் போனது. கேட்டதற்கு, "கம்பெனி அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிடுச்சு சார்" என்றார்.

டிக்கெட்டுகள் வாட்ஸ்அப்பில் வந்தன. ஹவுரா மெயில் டிக்கெட்டின் பி.என்.ஆரைப் போட்டுப் பார்த்தேன், கன்ஃபர்ம். சியால்டாவிலிருந்து டார்ஜிலிங் மெயில், அதுவும் கன்ஃபர்ம். இரண்டும் சரியாக இருந்ததால் மலை ரயில் டிக்கெட்டுகளை நான் பார்க்கவே இல்லை. அந்தத் தப்பு என்னுடையது.

கொல்கத்தாவில் முதல் நாள் பழைய மரப்பெட்டி டிராம் ஒன்று எங்களுக்கென்று தனியாக இரண்டு மணி நேரம் ஓடும் என்பது பேச்சு. எஸ்பிளனேடில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை நின்றோம். யாரும் வரவில்லை. போன் செய்தால், "பவர் லைன்ல வேலை சார், திரும்பி வர்ற அன்னிக்கு டபுளா ஓட்டிக் காட்டிடலாம்" என்றார். எங்கள் கண்ணெதிரே ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு போனது. பவர் இல்லாமலா போகிறது? ஆனாலும் வேறு தடமாக இருக்கும் என்று அப்பாவே சமாதானம் சொன்னார். நல்ல மனிதர்கள் ஏமாற்றுகிறவனுக்கு எவ்வளவு தூரம் காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிறார்கள் என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

மறுநாள் காலை நியூ ஜல்பைகுரியில் இறங்கி நேரோ கேஜ் பிளாட்பாரத்துக்கு ஓடினோம். அகலப்பாதை வண்டியிலிருந்து இறங்கி அந்தச் சின்னப் பெட்டிகளைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது ஐந்து நிமிடம்தான் நிலைத்தது. சார்ட்டில் எங்கள் பெயர் இல்லை. டிக்கெட் பரிசோதகர் பி.என்.ஆரைப் போட்டுப் பார்த்துவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் இருந்த டிக்கெட் இது, சார்ட் போட்டதும் தானாகவே ரத்தாகிவிட்டது, பணம் எடுத்தவர் கணக்குக்குத் திரும்பப் போய்விடும் என்றார். என் போனில் இருந்த டிக்கெட்டிலோ பெட்டி எண்ணும் சீட் எண்ணும் இருந்தன.

புரிகிறதா? வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை எடுத்து, அதில் சீட் எண்ணை மாற்றி எழுதி எனக்கு அனுப்பிவிட்டு, ரத்தானதும் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. குறுஞ்செய்தி எனக்கு வராது, ஏனென்றால் கொடுத்திருந்த மொபைல் எண் அந்த ஆளுடையது. இதுவரை மரியாதையாக 'அவர்' என்று எழுதிவிட்டேன். இனி என்னால் முடியாது.

ஷேர் ஜீப்பில் மலையேறினோம். கர்சியாங் தாண்டினால் தண்டவாளம் சாலையை ஒட்டியே வரும், திடீரென்று குறுக்கே தாண்டி அந்தப் பக்கம் போகும், மறுபடி இந்தப் பக்கம் வரும். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த இரண்டடி அகலப் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை.

டார்ஜிலிங் நிலையத்தில் ஜாய் ரைடு டிக்கெட்டை நீட்டினால் அந்த பி.என்.ஆரே கிடையாது என்றார்கள். வெறும் பத்து இலக்கம், அவ்வளவுதான். அன்றைக்கும் மறுநாளுக்கும் நீராவி வண்டியில் இடமில்லை. நிலைய வாசலிலிருந்து அவனைக் கூப்பிட்டேன். ஆறாவது முறைதான் எடுத்தான்.

"சார், லேண்ட்ஸ்லைடு. லைன் பிளாக் ஆயிடுச்சு. ரெண்டு நாளா எந்த வண்டியும் ஓடல. நியூஸ் பாக்கலையா?"

அவன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால் பி கிளாஸ் என்ஜின் ஊதியது. அந்த மலையே அதிர்கிற மாதிரி ஒரு ஊதல். அவனுக்கும் கேட்டிருக்கும். ஒரு நொடி பேச்சு இல்லை. அப்புறம், "சிக்னல் சரியில்ல சார், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

தங்குமிடத்திலும் மூன்று இரவுக்குப் பதில் ஓர் இரவுக்குத்தான் பணம் கட்டியிருந்தான். மிச்சத்தை நான் கட்டினேன். அந்தச் செலவை 68,400ல் சேர்க்கவில்லை.

மறுநாள் கூம் நிலையத்துக்குப் போனோம். 7,407 அடி உயரம், இந்தியாவிலேயே உயரமான ரயில் நிலையம். கஞ்சன்ஜங்கா அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஜாய் ரைடு வண்டி வந்தது. என்ஜினின் முன்பக்கம் ஆள் உட்கார்ந்து சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டே வருவார்கள் என்று படித்திருந்தோம். அதை நேரில் பார்த்தோம். நூறு வருடத்துக்கு மேல் ஓடுகிற என்ஜின்கள், நிலக்கரியை உடைத்துப் போட்டுத்தான் இன்னும் ஓடுகின்றன. ஜன்னல்களில் குழந்தைகள் கையசைத்தார்கள். அப்பாவும் கையசைத்தார். வண்டி திரும்பிப் போன பிறகும் கரிப்புகை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. "பார்த்தாச்சுப்பா, போலாம்" என்றார். எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். ஏறி உட்கார வந்த மனிதர் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

திரும்பும் வழியில் கொல்கத்தாவில் 'டபுளா' ஓட வேண்டிய டிராமும் இல்லை. போனை எடுக்கவே இல்லை. சில்லறைக் காசு கொடுத்து சாதாரண டிராமில் ஏறினோம். அப்பா வண்டிக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மணி அடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த மொத்தப் பயணத்தில் அந்த ஒன்றுதான் கிடைத்தது. அதற்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நேற்று மதியம் அந்த அலுவலகத்துக்குப் போனேன். பலகை இருக்கிறது, பையன் இருக்கிறான், அவன் இல்லை. "ஓனர் வெளியூர் போயிருக்காரு சார்." எப்போது வருவார்? "தெரியல சார்." பணம்? "அக்கவுண்ட்ஸ்ல கேக்கணும் சார்." ஒரே அறை உள்ள அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் எங்கே இருக்கிறது? சாயங்காலம் அவனிடமிருந்து செய்தி வந்தது: ஏழு வேலை நாளில் 'பரிசீலிக்கப்படும்', ஜி.எஸ்.டி.யும் சேவைக் கட்டணமும் போக மீதி, அதுவும் பணமாக இல்லை, ஊட்டி பேக்கேஜில் தள்ளுபடியாக. ஊட்டிக்கு இவனோடு! வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதினேன். இரண்டு நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ராத்திரி என் எண்ணை பிளாக் செய்துவிட்டான்.

"ஹவுரா மெயில் டிக்கெட், ஒரு நாள் ரூம், இதெல்லாம் கழிச்சுச் சொல்லுங்க, அவ்வளவு போகல" என்கிறாள் என் மனைவி. நான் கழிக்க மாட்டேன். ஹவுரா மெயிலுக்காக நான் அந்த மாடி ஏறவில்லை. அப்பாவை நீராவி வண்டியில் உட்கார வைக்கக் கொடுத்த பணம் 68,400 ரூபாய். அப்பா உட்காரவில்லை. 68,400ம் போனதுதான்.

என்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். மூன்று மணிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் சுருக்கமாக. ஒவ்வொரு பி.என்.ஆரையும் நீங்களே போட்டுப் பாருங்கள், ஒன்று சரியாக இருக்கிறது என்று மற்றதை விடாதீர்கள். ரயில்வே உதவி எண் 139க்குக் கூப்பிட்டாலும் சொல்வார்கள். டிக்கெட்டில் உங்கள் மொபைல் எண்தான் இருக்க வேண்டும். தனி ஆள் பெயருக்குப் பணம் அனுப்பாதீர்கள். டார்ஜிலிங் ஜாய் ரைடோ ஊட்டி ரயிலோ, நீங்களே எடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யுங்கள். நான் மலையில் நின்று அவனோடு வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் அதைச் செய்திருக்க வேண்டும். நுகர்வோர் உதவிக்கு 1915.

அவ்வளவுதான் இப்போது தோன்றுகிறது. ஸ்கிரீன்ஷாட்டுகளையெல்லாம் பிரிண்ட் எடுக்க வேண்டும். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு தயாராக இருக்கிறார், தானும் வருகிறேன் என்கிறார்.